அன்ரனின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் சங்கத்தின் செயலாளர் யோகன் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்: “கொட்டாஞ்சேனை அன்ரன் அண்ணை காலமானார்.” நான் நம்பவில்லை. சில வருடங்களுக்கு முன்பு, தான் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகப்போவதாக அன்ரனே ஒரு கதையைக் கட்டிவிட்டவர். தன்னுடைய வாடிக்கையாளர்களைப் பிடிக்க யார் யார் ஓடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் கதை. ஓடியவர்களின் பெயர்களை மறுநாள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் சொன்னார். ஆகவே இதுவும் ஒரு பரீட்சையாக இருக்கும் என்று நினைத்து அவருடைய கைப்பேசிக்கே அழைத்தேன். எடுத்தது அவர் மனைவி றீற்றா.

“ஆமாண்ணே. காலையில நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

அந்தக் குரலைக் கேட்ட பிறகு சந்தேகப்பட ஒன்றுமில்லை. மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் குழுவில் அதற்குள் வேறொரு பிரச்சினை தொடங்கியிருந்தது. செத்தவீட்டு வாசலில் சங்கத்தின் பேரில் ஒரு பதாகை கட்ட வேண்டும். அதில் அன்ரனின் பெயருக்கு முன்னால் ‘டீஜே’ என்று போடலாமா, கூடாதா?

சங்க நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்; வெளியாட்களுக்கு இது அற்பமாகத் தெரியும். எங்களுக்கு அப்படியில்லை. கொழும்பில் தமிழ்க் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் பாட்டுப் போட்டு ஆக்களை ஆடவைக்கிறவர்களின் சங்கம் எங்களுடையது. சொந்தமாக ஒரு மிக்சரும் இரண்டு பிளேயரும் வைத்து, கையாலும் காதாலும் பாட்டைப் பாட்டோடு பொருத்துகிறவர்தான் டீஜே, அவர்தான் உறுப்பினர் என்பது எங்கள் விதி. அதை எழுதியவன் நான். அன்ரன் ஒரு லப்டொப்பை மட்டும் வைத்துத் தொழில் செய்தவர். உறுப்புரிமை கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை.

நான் அவரை முதலில் கண்டது வெள்ளவத்தையில் ஒரு கலியாண விருந்தில். பொம்பிளை வீட்டார் என்னை ஏற்பாடு செய்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் அன்ரனை. இதைப் பற்றி இரு பகுதியும் ஒரு வார்த்தை கதைத்துக்கொள்ளவில்லை. நான் வான் வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான்களை இறக்கி, வயர்களைப் பூட்டி, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கும்போது, முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார் ஒரு மெல்லிய மனிதர். தோளில் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒன்று.

“எங்கை உங்கடை சாமான்?” என்று கேட்டேன்.

பையைத் தட்டிக் காட்டினார். “இதுதாண்ணே சாமான்.”

என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ‘அண்ணே’ என்றார். தொழிலில் தனக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார் என்று எனக்கு அன்றே ஒரு சந்தேகம். பெரிய மனது பண்ணி என் மிக்சரில் அவருக்கு ஓர் இடம் கொடுத்தேன். பிறகு பக்கத்திலேயே நின்று அவர் கையைக் கவனித்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. தாளத்தில் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. அந்த நேரத்தில் அன்ரனின் ஒரு கையில் ரோல்ஸ் இருந்தது, மறுகையில் சோஸ் கிண்ணம். நான் பிளேயரின் வட்டத்தை விரலால் தடவித் தடவி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகிய மனிதன். இந்த ஆள் வீட்டிலேயே எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்துக் கொண்டுவந்து ஓடவிட்டுவிட்டு இங்கே சாப்பிடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வேறு எப்படிப் படும்?

கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, ‘சிங்க்’ என்ற பொத்தானைக் காட்டினார். அதை அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் லப்டொப்பே ஒன்றாக்கிவிடும்.

“அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“நீங்க சோத்த விறகுல ஆக்குறீங்க, நான் குக்கர்ல ஆக்குறேன். பசியில இருக்கிறவன் எதுல ஆக்கினதுன்னா கேக்கப்போறான்?”

“குக்கரிலை விசில் அடிச்சா இறக்கத் தெரிஞ்சாப் போதும்.”

“அரிசி எவ்வளவு போடணும்னு விசில் சொல்லாதுண்ணே,” என்றார். நான் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். தோற்றதாக நினைக்கவேண்டாம். வாயால் வெல்லுகிற ஆட்களோடு நான் இழுபடுவதில்லை.

அதன் பிறகு எத்தனையோ மண்டபங்களில் அவரைச் சந்தித்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாட்டில் அவர் மேசைக்குப் பின்னால் போய் நிற்பேன். அவருக்கு அது தெரியும். “வாங்க சிஐடி,” என்று ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். ஒருமுறை ஒரு தேநீரும் வரவழைத்துத் தந்தார். சீனி கூடப் போட்டு, வேண்டுமென்றே.

உறுப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தபோது, ஆளைப் பரீட்சித்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருலப்பனையில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினோம். லப்டொப்பின் திரையைத் துவாயால் மூடிவிட்டு, சிங்க் இல்லாமல், காதால் மட்டும் இரண்டு பாட்டைச் சேர்க்கச் சொன்னோம். அன்ரன் முயன்றார். நன்றாக வரவில்லை. முதல் பாட்டு நடக்க, இரண்டாவது பாட்டு அதன் காலை மிதித்துக்கொண்டு வந்தது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன? நான் பட்ட சந்தேகம் சரியென்று எல்லோர் முன்னாலும் தெரிந்துவிட்டதே.

அன்ரன் துவாயை எடுத்து ஒழுங்காக மடித்து மேசையில் வைத்தார். “கண்ணக் கட்டிட்டு ஓட்டச் சொன்னா எந்த டிரைவரும் மோதத்தான் செய்வான். ஆனா நீங்க கேட்டது இதத்தான், நான் செஞ்சது இவ்வளவுதான்,” என்றார். வாசலுக்குப் போனவர் என்னிடம் திரும்பி, “மேசையப் பாக்கிறவனுக்கு மண்டபம் தெரியாதுண்ணே,” என்றார். தோற்றவர் சொல்லுகிற சமாளிப்பு என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

உறுப்புரிமை அட்டை இல்லாததால் அவருக்கு நட்டம் வந்தது உண்மை. வெள்ளவத்தை மண்டபக்காரர்கள் சங்க அட்டை உண்டா என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. அதன் பிறகு அவருக்குக் கொட்டாஞ்சேனையில் தெரிந்த வீடுகளும், கல்கிசைப் பக்கத்தில் சில விருந்துகளும்தான் மிஞ்சின. அந்தக் கல்கிசைப் பக்கத்தில்தான் நான் இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்று நடந்தது.

எங்கள் அடுக்குமாடியில் முன்பு குடியிருந்த ஓர் அம்மாவின் மகளுக்குக் கலியாணம். அம்மாவின் கணவர் அதற்கு முந்திய வருடம் தவறியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். மூலையில் லப்டொப்போடு அன்ரன். நான் வழக்கம்போல அவரைப் பார்க்க வசதியான மேசையாகத் தேடி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து ஒரு மெல்லிய பாட்டைக் கேட்டார்கள், போட்டார். அருமையான காதல் பாட்டு, எல்லோரும் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். பாட்டு பாதியைத் தொடமுதல் அன்ரன் அதை மெல்லக் கரைத்து, அடியில் ஒரு துள்ளலான பைலாத் தாளத்தை ஏற்றிவிட்டார். நண்பர்கள் கத்தினார்கள். பிறகு அவர்களே எழும்பி ஆடினார்கள்.

கேட்ட பாட்டை ஏன் வெட்டினார்? கோப்பில் ஏதோ கோளாறு, இப்போது பிடித்துவிட்டேன் என்று எழும்பிப் போனேன்.

“கோளாறு ஒண்ணுமில்ல,” என்றார். “பொண்ணோட அம்மாவப் பாத்தேன். பிளேட்டுல கை அப்படியே நின்னுருச்சு. ஏன்னு தெரியாது. மாத்தினேன். இப்ப பாருங்க, சாப்பிடுறாங்க.”

திரும்பிப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இதை அப்படியே விழுங்குகிற ஆள் நான் இல்லை. கை கழுவுகிற இடத்தில் அந்த அம்மாவைப் பிடித்து, அந்தப் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. “என்ரை மனுசன்ரை செத்தவீட்டு வீடியோவிலை அந்தப் பாட்டைத்தான் தம்பி போட்டவங்கள். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு அனுப்பவெண்டு எடுத்தது. நல்லகாலம், உடனை மாறிட்டுது.”

“டீஜேயிட்டைச் சொன்னனீங்களோ?”

“நான் என்னத்துக்குச் சொல்லப்போறன்? மகளின்ரை நாள்.”

அதற்கும் நான் அடங்கவில்லை. இந்தக் காலத்தில் கலியாணத்துக்குப் பாட்டுப் போடுகிறவர்களே செத்தவீட்டு வீடியோவும் செய்துகொடுக்கிறார்கள். அந்த வீடியோவை அன்ரனே செய்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்குமே? விசாரித்தேன். செத்தவீடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. வீடியோ எடுத்தவர் அங்குள்ள ஒருவர். அன்ரனுக்கு அந்தக் குடும்பத்தையே அன்றுதான் தெரியும்.

நான் அந்த மண்டபத்தில் பாட்டுப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காதில் ஹெட்போன், குனிந்த தலை, விரல் வட்டத்தில். அடுத்த பாட்டை மிக நேர்த்தியாகப் பொருத்தியிருப்பேன். அந்த அம்மா முழுப் பாட்டையும் கேட்டிருப்பார்.

சங்கத்தில் இதை நான் சொல்லவில்லை. ஒருவரின் கை நின்றதைக் கண்டது, இரண்டு பாட்டைச் சேர்க்கத் தெரியும் என்பதற்குச் சான்று ஆகாது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் டீஜே என்பவர் பாட்டைச் சேர்க்கிறவர் மட்டும்தானா என்ற கேள்வி அன்று தொடங்கி என்னை விடவில்லை.

இனிப் பதாகைக்கு வருகிறேன். குழுவில் பிற்பகல் முழுக்க இதற்காக உங்களுக்குள் அடிபட்டீர்கள். ‘இசைக் கலைஞர்’ என்று போடலாம் என்றார் ஒருவர். ‘ஒலி அமைப்பாளர்’ என்றார் இன்னொருவர். கொட்டாஞ்சேனை அன்ரன் என்று மட்டும் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று மூன்றாவது ஆள். கடைசியில் யோகன் என்னை அழைத்தார்.

“விதி எழுதின ஆள் நீங்கள். நீங்களே சொல்லுங்கோ.”

“டீஜே எண்டு போடும்.”

“உண்மையாத்தான் சொல்லுறியளோ? இதுக்கை வேறை ஏதும் இருக்கோ?”

என்னோடு பழகியவர் அப்படித்தான் கேட்பார்.

அச்சடித்து எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளைக்கொடி கட்டிய ஒழுங்கை முகப்பில் பதாகையைக் கட்டினோம். அன்ரனின் படம், கீழே பெரிய எழுத்தில் ‘டீஜே அன்ரன்’, அதற்கும் கீழே சங்கத்தின் பெயர். யோகன் தள்ளி நின்று படம் பிடித்தார். அப்போது றீற்றா வெளியே வந்தார். அழுது வீங்கிய கண்ணோடு அதை முழுவதும் வாசித்தார்.

“யாருண்ணே கட்டினது?”

“சங்கம்.”

“கார்ட் குடுக்க மாட்டோம்னு சொன்ன சங்கமா?”

நான் தலையாட்டினேன்.

“டீஜேன்னு போட்டிருக்கு.”

“ஓம்.”

“எப்பலேருந்துண்ணே?”

யோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“கழட்டிருங்க,” என்றார் றீற்றா. “அவரு பாத்தா சிரிப்பாரு. எனக்குச் சிரிப்பு வரல.”

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு உள்ளே போய், கைகளைக் கட்டிக்கொண்டு அன்ரனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அழுகை வந்தது. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை.

நண்பர்களே, சிங்க் பொத்தானில் எனக்குள்ள சந்தேகம் போகவில்லை. போகாது. ஆனால் இப்போது கலியாண வீடுகளில் இடையிடையே ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அதனால் என் பாட்டுகள் சில இடங்களில் மோதுகின்றன. நீங்கள் உங்களுக்குள் சிரிப்பதும் எனக்குத் தெரியும். லப்டொப்போடு உறுப்புரிமை கேட்டு நிற்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் திரையை மறுபடி துவாயால் மூடிப் பரீட்சிக்க என்னைக் கூப்பிடாதீர்கள். ஒரு மண்டபத்துக்கு அனுப்புங்கள். நான் பின்னால் நின்று பார்க்கிறேன்.

அந்தப் பதாகை என் வீட்டில் சுருட்டியபடி இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. விரித்துப் பார்க்க முகமும் இல்லை.