பெரியநாயகசாமியின் பாதி ஜெபமாலை

நன்னிலம் தாலுக்காவில் பெரியநாயகசாமி கண்ணசைத்தால்தான் நெருப்பு எரியும். அவர் தும்மினால் தஞ்சாவூர் வரைக்கும் சோறு குழையும். ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர்களே அவரிடம் வந்து நீராவிக்கு யோசனை கேட்டுப் போனதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியது யாரென்று கேட்கக் கூடாது.

நிஜத்தில் அவர் சிவசங்கரன் ஐயா அரிசி ஆலையில் உமி அடுப்பு பார்க்கிறவர். ஊறிய நெல் நீராவியில் வேக வேண்டும். வேக்காடு குறைந்தால் அரைக்கும்போது உடைந்து குருணையாகும். கூடினால் சோறு குழையும். ஆலைக் கடிகாரம் பத்தேகாலிலேயே நிற்பதால் அவருக்கு ஜெபமாலைதான் கடிகாரம். ஒரு ஜெபமாலை முடிந்தால் ஒரு தொட்டி நெல் வெந்தது என்று கணக்கு.

முன்பு அவரோடு சேர்ந்து உமி தள்ளச் சகாயராஜ் என்றொரு பையன் இருந்தான். கோவிலில் சொல்வது போலவே ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதி இவர், பின்பாதி அவன். அவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனபிறகு, உமி தள்ளுவதும் இவர், ரெண்டு பாதியும் இவர்.

மூட்டை தூக்கும் பக்கிரி, "கொஞ்சம் நானும் தள்ளுறேண்ணே" என்பான்.

"நீ மூட்டையப் பாரு. இது மாதா எனக்குன்னு குடுத்த வேல."

வெளியே அப்படிச் சொன்னாலும் உள்ளே பயம். அடுப்பும் கைமாறிவிட்டால், அப்புறம் ஆலையில் தன்னை யார் தேடுவார்கள்?

அந்த வருஷம் குறுவை அறுப்பு சமயத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் பூசணிப்பூ நிறம். வெக்கையில் நின்றால் ஈரல் தாங்காது, படுத்துக் கிட என்றார் டாக்டர். ரெண்டு நாள் படுத்தார். பக்கிரி குத்துமதிப்பாக அவித்தான். எல்லாம் குருணை.

"இன்னொரு தொட்டி இப்படிப் போச்சுன்னா ஆலையைப் பூட்டிட்டு நான் பெங்களூரு பையன்கிட்டப் போயிடுறேன்" என்றார் சிவசங்கரன் ஐயா.

செய்தி வந்ததும் பெரியநாயகசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். மனைவி மரியபுஷ்பம் வாசலை மறித்தாள்.

"மாதா உங்க ஈரலையா கேட்டாங்க?"

"வேற யாரு இருக்கா?"

"ஜெபமாலை ரெண்டு பேரு சொல்றது. உங்களுக்கு மட்டும் ரெண்டு வாயா? போங்க. ஆனா வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் காலு வைக்கக் கூடாது."

ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். ஜெபமாலை முடிந்ததும் குரல் கொடுப்பது, பக்கிரி நீராவியை அடைப்பது என்று ஏற்பாடு. "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். முதல் பாதி முடிந்து மூச்சு வாங்கினார். அதற்குள் அடுப்படியிலிருந்து பின்பாதி வந்தது.

எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறோடு பக்கிரி உமி தள்ளிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை மட்டும் விட்டுப்போயிருந்தது. அவர் திருத்தவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். உமிப் புகை என்று வைத்துக்கொள்ளலாம். பக்கிரிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. யாராவது தேவதூதர் வந்திருக்கலாம்.

அன்றைக்குத் தொட்டி பதமாக வெந்தது. உடம்பு தேறுகிற வரைக்கும் அவர் மரத்தடி, அவன் அடுப்படி. தேறியபிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி அடுப்பருகே போனார்.

"இனிமே நீயே பாத்துக்குவியாடா?"

"நல்லாருக்கே. எனக்குப் பின்பாதிதான தெரியும். முன்பாதிய யாரு சொல்றதாம்? வாங்கண்ணே, அந்தப் பக்கம் தள்ளுங்க."

அன்றிலிருந்து உமியும் பாதிப் பாதி.

இவ்வளவையும் பங்குக் கோவில் விழா மலருக்கென்று எழுதிய ஜெனித், கொடுப்பதற்கு முன் மாமாவிடம் வாசித்துக் காட்டினான். ஜெனித், பெரியநாயகசாமியின் தங்கை மகன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"தேவதூதரு வந்தாராக்கும்?"

"வந்திருக்கலாம் மாமா."

"பக்கிரி ஒரு வார்த்தைய விட்டான்னு எழுதுனியே, எந்த வார்த்தைன்னு ஏன் எழுதல?"

ஜெனித் தாளைப் புரட்டினான்.

"'பாவிகளாகிய'," என்றார் மாமாவே. "நான் என்ன பாவம் பண்ணேன்னு கோவில்ல அத முழுங்குறவன் இந்த ஊர்லயே ஒருத்தன்தான்டா, மாப்ள."