அப்பா பிள்ளை பிடிக்கப் போன கோடை

என் அப்பா ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். தலை நரைக்கும்வரை அந்த ஒரே கல்லூரிதான். எத்தனையோ வருடமாக நடத்திய பாடத்தையே மறுநாள் வகுப்புக்காக வீட்டுக்குள் நடந்தபடி சொல்லிப் பார்ப்பார். மே மாதம் வந்தால் மற்ற ஆசிரியர்களைப் போல அவரும் ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ முடித்தவர்களைக் கல்லூரியில் சேரச் சொல்லிக் கேட்க வேண்டும். "பிள்ளை பிடிக்கக் கெளம்பியாச்சா?" என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த வருடம் அம்மா கேலி செய்யவில்லை. இளங்கலைத் தமிழுக்கு அதுவரை ஒருவர்கூட வரவில்லை. ஜூனுக்குள் ஆள் சேராவிட்டால் துறையை மூடிவிடுவார்கள், அப்பாவுக்கும் வேலை போய்விடும். எனக்கோ அது சுற்றுலா. வண்டியின் பின்னால் உட்கார்ந்து, எந்த வீட்டில் கலர் தருவார்கள், எந்த வீட்டில் வெறும் மோர் என்று எடைபோட்டுக்கொண்டே போவேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வறுத்த முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்கா, அப்பாவைப் பார்த்ததும் "ஐயா" என்று எழுந்துவிட்டார். அப்பாவிடம் தமிழ் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தவராம். கறுத்துப்போன விரல்களைச் சேலையில் துடைத்தபடி, அப்பா நடத்திய செய்யுளை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அந்த அக்காவின் மகளும் பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா மெல்லப் பேச்செடுத்தார்.

"நீங்க நடத்துனது ஒண்ணுகூட மறக்கலைங்கய்யா. எம் புள்ளைய மட்டும் கேக்காதீங்க. அவ நர்சிங் போகட்டும். அவளாவது இந்தக் கொட்டைய ஒடைக்காம இருக்கட்டும்."

"சரியாத்தாம்மா சொல்ற" என்றார் அப்பா, வகுப்பில் பதில் சொன்ன பிள்ளையைப் பாராட்டுகிற குரலில். அன்று எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. அந்த அக்கா ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பை என் கையில் கொடுத்திருந்தார். இவ்வளவு தருகிறவர் மகளை அனுப்பாமலா இருப்பார்?

வீடு வந்ததும் வண்டியிலிருந்து குதித்து, "அம்மா, ஒரு அக்காவோட பொண்ணு சேந்துட்டாங்க" என்று ஓடினேன். அம்மா மாவுக் கையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நெசமாவாங்க?"

அப்பா ஸ்டாண்டு போடுவதிலேயே குனிந்திருந்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தினமும் அப்பாவே என்னைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் மணி அடிக்கும் முன்பே வாசலில் வந்து நின்றார். வேறு யாருடைய அப்பாவுக்கும் இவ்வளவு நேரம் கிடைப்பதில்லை என்று எனக்கு ஒரே பெருமை.