வெள்ளை வாலும் என் ஓரகத்தியும்

போன தை மாதம் பறவை பார்க்கக் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அங்கே குண்டூர் நாடு என்ற பகுதியில் ஒரு விவசாயி வீட்டில் தங்க ஏற்பாடு. கூடவே என் ஓரகத்தியும், அதாவது என் கொழுந்தன் மனைவியும், தொற்றிக்கொண்டாள்.

அவளுக்கு எதுவும் சும்மா கிடைத்துவிடும். மாமியாரின் பாராட்டு, கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, எல்லாம். அன்றும் சேந்தமங்கலத்தில் ஏறியதிலிருந்து மலை உச்சி வரை நான் கம்பியைப் பிடித்துத் தொங்க, அவள் சுகமாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் போனது ஒரே ஒரு பறவைக்காக. அரசவால் ஈப்பிடிப்பான். கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, ரிப்பன் மாதிரி நீண்ட வெள்ளை வால். பல வருஷமாகத் தேடுகிறேன், கண்ணில் படவே இல்லை. அதன் படத்தைக் காட்டாத ஆள் பாக்கி இல்லை, அவளுக்கும் காட்டியிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் பைனாகுலரோடு போய் ஓடைக்கரையில் மூடுபனிக்குள் உட்கார்ந்தேன். "எனக்குக் குளுருதுங்கக்கா, நான் வரலை" என்று அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த வீட்டு அம்மாவோடு மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு ஒரே அரட்டை. எனக்கோ சாயங்காலம் வரை கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

பொழுது சாயும் நேரத்தில், "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். புதரில் இருந்த நாலு குருவியும் பறந்தன. எனக்கு வந்த கோபம்!

"ஏன்டி இப்படிக் கத்தறே?"

"நீங்க தேடற வெள்ளவாலு ஊட்டுக்குப் பொறத்தால குளிக்குதுக்கா! வாங்க, வாங்க!"

அடிப்பாவி, இதுவும் உனக்குத்தானா? மூச்சு வாங்க ஓடினேன். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கியிருந்தது. பறவை இல்லை.

"இப்பத்தான் பறந்துச்சுங்க" என்றார் வீட்டு அம்மா.

"போட்டோவாவது எடுத்தியா?" என்று அவளைக் கேட்டேன்.

"தோணவே இல்லீங்கக்கா."

அருமை தெரியாதவளுக்குப் போய்க் காட்சி கொடுத்ததே என்று மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டு அம்மாதான் சொன்னார்: "மரத்துலருந்து பாஞ்சு பாஞ்சு ரொம்ப நேரம் முங்குச்சுங்க. இவங்க எங்க பாத்தாங்க? மொதத் தடவ முங்கினதுமே, 'அக்கா பாக்கோணும்'னு செருப்புக்கூடப் போடாம ஓடிட்டாங்க."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் கசிந்தது. உட்கார்ந்து முள்ளை எடுத்துவிட்டேன். "விடுங்கக்கா, நாளைக்கு வந்தாலும் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மறுநாள் அது வரவில்லை.

இன்று வரை நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்றால் பொய். ஆனால் அது என் கண்ணெதிரே குளித்துக்கொண்டிருந்தால், அவளைக் கூப்பிட நான் எழுந்து ஓடியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். அந்த மனசும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய பொறாமை.