வெறும் வயிற்றில் போடாத ஊசி

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் மகள் முதல் முறை வாந்தி எடுத்தாள். பத்து மணிக்குள் இன்னும் இரண்டு முறை. முந்தைய இரவு சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான், உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். தினமும் காலையில் நாள் முழுக்க வேலை செய்யும் ஊசி ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் இன்னொன்று. அன்று மனைவி காய்கறி வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தாள். பேனா போலிருக்கும் காலை ஊசியைக் கையில் எடுத்த நான் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். வெறும் வயிற்றில் மருந்து கூடாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். சாப்பிடாத பிள்ளைக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாள் என்று பயந்தேன்.

பகல் ஒரு மணிக்கு அவள் ரத்தச் சர்க்கரையைச் சோதித்தபோது கருவி மிக அதிகமாகக் காட்டியது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எப்படி ஏறும்? கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அவளைத் தூங்கவிட்டேன்.

மனைவி பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. மகளைப் பார்த்ததும் பைகளைக் கீழே போட்டாள். பிள்ளை வேகமாக, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கண் திறந்து உடனே மூடிக்கொண்டாள்.

"காலையில ஊசி போட்டீங்களா?"

"அவ ஒண்ணுமே சாப்பிடலையே."

மனைவி என்னைத் திட்டவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அந்த இரவைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியவில்லை. ஞாயிறு மதியம் மருத்துவமனைப் படுக்கையில் மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பிழைத்துவிட்டாள். ஆனால் இவளை என்னை நம்பி வீட்டுக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் நான் மறுபடி இதையே செய்வேனா என்ற நடுக்கம் போகவில்லை. போன முறை, நோயைக் கண்டுபிடித்து இங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அரை மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கி ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். நான் பொறியாளன். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். தலையாட்டினேன்.

நான்கு மணி வாக்கில் ஒரு தமிழ் டாக்டர் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்பா, இந்த ரெண்டு ஊசியில ஒண்ணு சாப்பாட்டுக்கு. இன்னொண்ணு உயிரோட இருக்கறதுக்கு. சாப்பிடலைன்னாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கிட்டேதான் இருக்கும். இன்சுலின் இல்லைன்னா உடம்பால அதை எடுத்துக்க முடியாது. கொழுப்பை எரிக்கும், ரத்தத்துல அமிலம் சேரும். அந்த மூச்சு அதனாலதான். மெஷின் கெட்டுப்போகலை."

நான் தலையாட்டினேன்.

"அப்பா தலையாட்டினா புரியலைன்னு அர்த்தம், டாக்டர்," என்றாள் மகள்.

டாக்டர் சிரித்துவிட்டு, "அப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்கே வாந்தி எடுத்தா என்ன செய்வீங்க? உங்களுக்குப் பரீட்சை இல்ல. நான் ஒழுங்கா விளக்கினேனான்னு பார்க்கணும்," என்றார்.

"காலை ஊசியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவேன்."

அவர் முகம் மாறவில்லை. "அந்த இடத்தை நான் சரியாச் சொல்லலை. குறைக்கணுமா கூட்டணுமான்னு எங்களுக்கு போன் பண்ணிக் கேளுங்க. நிறுத்தறது மட்டும் கிடையவே கிடையாது. சர்க்கரையோட கீட்டோனும் பாருங்க, அதுதான் அந்த அமிலம். தண்ணி கொடுத்துக்கிட்டே இருங்க, அதுவும் தங்கலைன்னாலோ மூச்சு வேகமானாலோ நேரா இங்க வந்துடுங்க. எங்க, முதல்லேர்ந்து?"

இந்த முறை மெதுவாகச் சொன்னேன். சர்க்கரையும் கீட்டோனும் பார்ப்பேன். காலை ஊசியை நிறுத்த மாட்டேன். அளவை உங்களிடம் கேட்பேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பேன். தண்ணீரும் தங்காவிட்டாலோ, மூச்சு வேகமானாலோ நேராக இங்கே கொண்டுவருவேன். சொல்லி முடித்தபோது மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாச் சொன்னீங்க," என்றார் டாக்டர். "போன தடவையே உங்களைச் சொல்லச் சொல்லியிருக்கணும், கேக்காம அனுப்பிட்டோம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."