ஒன்பதாம் அறையில் இன்னும் ஒருவர்

பேய், முனி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் தெரு முனையில் உள்ள புளியமரத்தடிக்கு உச்சிப்பொழுதில் போகாதே என்பார்கள், நான் அங்கேதான் சைக்கிளை நிறுத்துவேன். இன்றைக்குக் கேட்டாலும் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்வேன். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் கேட்டு முடித்துவிட்டு அந்தக் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி மட்டும் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள். எனக்கு ஆத்திரமெல்லாம் உயிரோடு நடமாடுகிறவர்கள் மேல்தான்.

சிவகாசியில் ஒரு லாரி செட்டுக்கு மேல்மாடியில் எங்கள் கண்காணிப்பு அறை இருக்கிறது. சுற்றுவட்டாரப் பட்டாசுக் கம்பெனிகள் சிலவற்றின் கேமரா, புகையைக் கண்டுபிடிக்கும் கருவி எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் வந்து சேரும். அத்தனை கேமராவையும் ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியாது; ஏதாவது தப்பாக நடந்தால் திரையில் சிவப்புப் பட்டை ஓடும், நான் அதை என் பெயரில் எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, விசாரித்து, காரணத்தை எழுதி மூட வேண்டும். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு, அதுவும் ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவளுக்கு, அது தோதான வேலை.

நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனி. அதில் ஒன்பதாம் அறை வெடிமருந்து அடைக்கிற அறை, என் நாத்தனார் முத்துமாரி அங்கேதான் வேலை பார்க்கிறாள். மருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சேலை உரசி உரசி உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் விரல் நுனியில் ஒரு பொறி போதும். எங்கள் ஆட்கள் அந்தத் தகட்டிலேயே எண்ணுகிற கருவியையும் சேர்த்துவிட்டார்கள். உள்ளே போகும்போது ஒரு தொடல், வெளியே வரும்போது ஒரு தொடல், அறைக்குள் எத்தனை பேர் என்று என் திரையில் தெரியும். நாலு பேருக்கு மேல் போனால் சிவப்பு.

சீசன் சூடு பிடித்ததும் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேரை உட்கார வைத்தார்கள். சிவப்பு வந்துகொண்டே இருந்தது, நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், அந்தக் கம்பெனி போர்மேன் சரி சரி என்று வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் ஒன்பதாம் அறையிலிருந்து சிவப்பு வருவதே நின்றுபோனது. எங்கள் சூப்பர்வைசர் பிரபு, இன்ஜினியரிங் படித்த தம்பி, எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினான்.

திருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் அலசிக்கொண்டே முத்துமாரி சாதாரணமாகச் சொன்னாள். "நாலு பேரு தகட்டைத் தொடணுமாம், மிச்ச மூணு பேரும் கையை மடக்கிக்கிட்டுச் சத்தமில்லாம உள்ள போயிரணுமாம் மதினி. போர்மேன் சொல்லிட்டாரு. ஒங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

"நீ தொடுதியா, இல்லையா?"

"நான் அந்த மூணுல ஒருத்தி." சிரித்தாள். "நீங்க ஏசியில இருந்து எண்ணுவீக. நாங்க எண்ணிக்கைக்கு வெளிய இருந்து அடைப்போம்."

உயிரைக் காப்பாற்ற வைத்த தகடு, அதைத் தொடாதே என்கிறார்கள், எதற்காக, என் திரை சிவக்கக் கூடாது என்பதற்காக. மறுநாள் பிரபுவிடம் சொன்னேன். அலர்ட் வந்தால்தானே நாம் கேட்க முடியும், வராததை வைத்து என்ன செய்ய என்றான். அதிகாரிகளுக்கு எழுதலாமே என்றதற்கு, நமக்குச் சோறு போடுகிற கம்பெனியை நாமே காட்டிக்கொடுப்பதா என்றான். வேலையை விட்டுவிடு என்று முத்துமாரியிடம் சொன்னேன், எங்கே போனாலும் இந்தக் கதைதான் என்று அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரத்திலேயே நடந்தது. ராத்திரி இல்லை, மட்ட மத்தியானம். கேமராவில் ஒன்பதாம் அறையின் திறந்த வாசலும் தகடும் தெரிகின்றன, வெயிலில் தரை வெள்ளையாகக் காய்கிறது. திரையில் நாலு. உள்ளே ஏழு பேர் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நாலு ஐந்தானது, சிவப்பு ஓடியது. யாரோ ஒருத்திக்காவது புத்தி வந்து தொட்டிருக்கிறாள் என்று கேமராவைப் பார்த்தால், வாசலில் ஆள் இல்லை. ஆறு. தகட்டுக்கு முன்னால் நிழல்கூட இல்லை. ஏழு.

போன் போட்டேன். போர்மேன் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஏம்மா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? வாசல்ல காக்கா குருவிகூட இல்ல. வெயில்ல மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு, மூடு."

தவறான எச்சரிக்கை என்று எழுதி மூடினேன். அது தானாகத் திறந்துகொண்டது. பிரபு வந்து அவனுடைய பாஸ்வேர்டு போட்டு மூடினான், அதுவும் திறந்துகொண்டது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பழுதான கருவிகளை நான் பார்த்திருக்கிறேன், அவை ஐந்திலிருந்து ஐந்நூறுக்குத் தாவும். இது தாவவில்லை. ஒவ்வொன்றாக, ஒரு பெண் கையை வைத்து எடுத்துவிட்டு வாசற்படி தாண்ட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் விட்டு, அடுத்தது. வரிசையில் நிற்கிறவர்கள் முண்டாமல் உள்ளே போவது மாதிரி. நீங்கள் சிரித்தாலும் சரி, அப்படித்தான் இருந்தது.

திரையின் ஓரத்தில் அந்தக் கம்பெனியில் சைரனை அலறவிடும் பொத்தான் உண்டு, சூப்பர்வைசர் சொல்லாமல் தொடக் கூடாது. பிரபுவிடம் கேட்டேன். ஒரு லோடு நின்றுபோனால் யார் பதில் சொல்வது, கையை எடுங்கள் அக்கா என்றான். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "எங்க நாத்தனா உள்ள இருக்கா. ஒன் எண்ணிக்கையில இல்லாம இருக்கா" என்று சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டேன்.

பெண்கள் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள், யாரும் தகட்டைத் தொடவில்லை. ஏழாவதாக முத்துமாரி. வேலியோரம் இருந்த வேப்பமரம் வரைக்கும் போய் நின்றார்கள். போர்மேன் உடனே போன் போட்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், என்னை வீட்டுக்கு அனுப்பாமல் விடமாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கேமரா படம் வெள்ளையாகிவிட்டது. முதலில் போனில் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அறை இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் மிச்சம். கண்ணாடி கிழித்த போர்மேன் கையைத் தவிர ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்து எனக்குச் சால்வை போட்டார். கேமராவில் புகையைப் பார்த்து அழுத்தியதாகப் பிரபு எழுதிக்கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டான். புகை இல்லையே என்றேன். பிறகு என்னவென்று எழுத என்று கேட்டான், நான் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பேப்பரில் உராய்வு காரணமாக என்று வந்தது. எங்கள் ஊரில் எல்லாம் தானாகவே உராய்ந்துகொள்கிறது, யாரும் எதையும் செய்வதே இல்லை. அதே இடத்தில் முன்னால் இருந்த அறையும் இப்படித்தான் போனதாமே என்று பழைய ஆட்களிடம் விசாரித்தால் பேச்சை மாற்றுகிறார்கள்.

அன்று சாயங்காலம் வயர் எரிந்து, தகடு உருகிப்போன பிறகும் ஒன்பதாம் அறையில் இருபதுக்கு மேல் ஆட்கள் இருப்பதாகவே திரை காட்டியது. வேலை முடியும் நேரத்துக்கு அந்த எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொருவராக. ஒன்று வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. மெக்கானிக் வந்து அந்த அறையையே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டுப் போனார்.

அப்புறம் அதே இடத்தில் புது அறை கட்டி, புதுத் தகடு, புது வயர் எல்லாம் போட்டார்கள். முதல் நாள் மூன்று பெண்கள் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள், திரையில் நாலு. நாலாவது ஆள் தொட்டதும் சிவப்பு. கருவியை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. அதனால் இன்றைக்கும் ஒன்பதாம் அறையில் மூன்று பேருக்குத்தான் இடம். மூடிவிடு என்று போர்மேன் போன் போடுகிறார், நான் மூடுவதில்லை. தொடாமல் போகச் சொன்னால் மொத்தப் பேரும் எழுந்து போய்விடுவோம் என்று முத்துமாரி அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். போன வாரம், மறுபடியும் மத்தியானம்தான், ஒன்பதாம் அறையில் நாலு என்று இருந்தது மூன்றானது. கேமராவில் யாரும் வெளியே வரவில்லை. அதே நொடியில் பக்கத்து எட்டாம் அறை நாலிலிருந்து ஐந்தாகிச் சிவந்தது. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை, சைரனை அழுத்தினேன், ஒன்பதிலிருந்து மூன்று பேரும் தகட்டைத் தொடாமலேயே ஓடினார்கள். எட்டாம் அறை வாசல் கேமராவுக்கு முதுகு காட்டி இருக்கிறது, அங்கிருந்து யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வெடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. போர்மேன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

சாயங்காலம் முத்துமாரி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"எட்டுல இருந்து ஆறு பேரு ஓடி வந்தாக மதினி. காலையில உள்ள போகையில தகட்டைத் தொட்டது நாலு பேருதானாம்."

அந்த மத்தியானம் சைரன் ஓய்வதற்கு முன்பே எட்டாம் அறையில் ஐந்து நாலாகி, ஒன்பதில் மூன்று நாலாகிவிட்டதை நான் பார்த்திருந்தேன். அப்போது பெண்களெல்லாம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள், அறைகள் இரண்டும் காலி.