ஆணி இறங்காத சுவர்

எங்கள் வீட்டுக்குக் கார் வருவதற்கு முன்பே கார் ஷெட் வந்துவிட்டது. கூத்தாநல்லூரில் இதை யாரும் விந்தையாகப் பார்க்கவில்லை. ஆண்கள் வெளிநாட்டில் சம்பாதிக்கும் தெருக்களில் பொருள்கள் வரும் வரிசையே வேறு. கட்டில் முதலில் வரும், அதைப் போடுவதற்கான அறை பிறகு எழும்பும். எதிர்வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் குழாய்த் தண்ணீருக்காக ஒரு வருடம் காத்திருந்தது.

என் தந்தையை நாங்கள் அத்தா என்போம். அத்தா குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் ஓட்டுநர். 'முடிச்சுட்டு வர்றேன்' என்று முன்பும் சொல்லியிருக்கிறார், வந்திருக்கிறார், விடுமுறை தீர்ந்ததும் திரும்பிப் போயிருக்கிறார். அதனால் அம்மா அந்தச் சொல்லை நம்புவதை விட்டிருந்தார். இந்த முறை சொல்லோடு ஒரு திட்டமும் வந்தது. பழைய கார் ஒன்றை வாங்கி, வெளிநாடு போகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வாடகை ஓட்டம் ஓட்டப்போவதாக அத்தா சொன்னார். அந்தக் காருக்காகத்தான் கொல்லையில் ஷெட் கட்டச் சொன்னார். வீட்டைக் கட்டியபோதுகூட அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டார். எனவே அந்த ஷெட் அவர் மனதுக்குப் பிடித்துவிட்டால் அவர் இங்கேயே தங்கிவிடுவார் என்று நான் நம்பினேன். தஞ்சாவூர்க் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அது சற்றுப் பேதைத்தனமான நம்பிக்கைதான். ஆனால் அதைவிட நல்ல நம்பிக்கை எதுவும் அப்போது என் கைவசம் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசி வரும். நான் விடுதியிலிருந்து வெள்ளி மாலைகளில் ஊருக்கு வந்துவிடுவேன். ஷெட்டின் பூச்சு வேலை முடிந்த வாரம் அத்தா என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"உள் சுவத்துக்கு என்ன போடுறதுன்னு நீயே பாத்து முடிவு பண்ணும்மா. உங்க மாமா கடையில விக்காம கெடக்குறத நம்ம தலையில கட்டிடுவாரு."

"சரித்தா. எப்படி வேணும்னு சொல்லுங்க."

"பளிச்சுன்னு இருக்கணும். அப்புறம் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு ஆணிகூட."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "ஆணி இல்லாம மொறம், சல்லடையெல்லாம் எங்க மாட்டுறதாம்? கேளு. தை மாசம் குத்தகை நெல்லு வந்தா மூட்டைய அங்கதான் அடுக்கணும். காரு வர்றப்ப வரட்டும்."

"நெல்லு வேணா அடுக்கிக்க சொல்லு. ஆணி வேணாம்" என்றார் அத்தா. குரலில் கோபம் இல்லை. ஆனால் வழக்கமாக அம்மாவின் பேச்சுக்கு வரும் சிரிப்பும் இல்லை. புதுச் சுவர் விரிசல் விடுமே என்ற கவலை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. திருவாரூரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். டிஸ்டம்பரும் சுண்ணாம்பும் விற்ற கடையில் அந்த ஆண்டுகளில்தான் வெளிநாட்டுப் பெயர் கொண்ட டப்பாக்களும் சுவரில் ஒட்டும் காகிதச் சுருள்களும் ஏறியிருந்தன. மாமா தலையணை கனத்தில் ஒரு மாதிரிப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். செங்கல் போல ஒரு தாள், மூங்கில் போல ஒன்று, கடல்போல ஒன்று. எனக்கு மெல்லிய கோடுகள் ஓடிய ஒரு வெளிர்பச்சைத் தாள் உண்மையிலேயே பிடித்திருந்தது. நாற்று பிடித்த வாரத்து வயலின் நிறம் அது. அம்மாவும் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஆணி அடிச்சா கிழிஞ்சுதான் போவும், பாவம்" என்று பாதி மனதோடு தலையசைத்தார். மாமா அளவு நாடாவை எடுத்துவிட்டார்.

"இப்ப வேணாம் மாமா. வாய்க்கால்ல தண்ணி வரட்டும்" என்றேன்.

"எதுக்கு? சுவத்துக்குப் பாய்ச்சப்போறியா?"

ஷெட் எழும்பிய இடம் முன்பு பள்ளமாகக் கிடந்தது. வயல் மண்ணைக் கொட்டித் தூர்த்து, கடுங்கோடையில், பின்னால் வாய்க்கால் வெடித்துக் கிடந்த நேரத்தில் கட்டியிருந்தார்கள். என் அறையும் அதே பக்கம்தான். வருடந்தோறும் மேட்டூர் அணை திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு என் அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் கனத்துப்போகும். அட்டைகள் வில்லாய் வளையும். மேல்தட்டுக்கு ஒன்றும் ஆகாது. கோடைச் சுவரைப் பார்த்து முடிவெடுப்பது பாதிப் பாட்டைப் படித்துவிட்டு உரை எழுதுவதற்குச் சமம் என்று எனக்குப் பட்டது. அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

"அக்கா, ஒம் மகளப் பாரு. செங்கல்லுக்கு உரை எழுதுறா" என்றார் மாமா. "பண்டிதரம்மா, ஒலகமே சுவரு காயட்டும்னு காத்திருக்கும். நனையட்டும்னு காத்திருக்கிற ஆளு நீ ஒருத்திதான்."

ஆனாலும் கேட்டதற்காக இரண்டு துண்டுத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். வாய்க்கால் பக்கச் சுவரில் ஒன்றைத் தரையை ஒட்டியும் மற்றொன்றைத் தலைக்கு மேலும் ஒட்டிவைத்தேன்.

ஆடியில் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகுமாக, பிறகு செம்மண் நிறத்தில், பிறகு தெளிந்து. சில வாரங்களில் ஷெட்டின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈர ஓதம் ஏறியிருந்தது. கீழே ஒட்டிய தாள் உப்பி, ஓரம் சுருண்டு, பின்புறம் பூசணம் பிடித்திருந்தது. மேலே ஒட்டியது அப்படியே இருந்தது. மாமாவை அழைத்துவந்து காட்டினேன். விரலால் அந்தத் தாளை நெம்பிப் பார்த்தார்; முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அவர் வியாபாரி, தோற்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். "சரி, பேப்பரு வேணாம். ஓதம் தாங்குற பெயிண்டு ஒண்ணு வந்துருக்கு" என்றார்.

பெயிண்ட் என்றால் ஆணி அடிக்கலாம் என்பதால் அம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்தார். நானும் ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தவர் ஒருவர் அத்தா கொடுத்தனுப்பிய பொதியைக் கொண்டுவந்தார். ஒருவர் ஊருக்கு வந்தால் அவர் பெட்டியில் பாதி மற்றவர் வீட்டுச் சாமானாக இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் அத்தா வேலை செய்யும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சமையல்காரர். சோப்பு, தைலம், பால்மாவு, எனக்கொரு பேனா என்று எடுத்துவைத்துவிட்டுத் தேநீருக்காக உட்கார்ந்தார். அம்மா கதவை ஒட்டி நின்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"சாப்பாடு கீப்பாடெல்லாம் சரியா இருக்கா? தனி ரூம்புன்னு சொன்னாங்க. ஏசி இருக்காம்ல?"

"ஏசிக்கு என்னக்கா கொறச்சல்! ஷெட்டுக்கே ஏசி போட்டுருக்கான் அரபி. வண்டிக்குப் போட்டது, அதுல நம்ம அண்ணனுக்கும் காத்து வந்துடும்." அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ரூம்புன்னா ரூம்பு இல்ல. கார் ஷெட்டுல ஒரு ஓரமா பலகை வச்சுத் தடுத்துக் குடுத்துருக்கான். ஒரு கட்டிலு போடலாம். பெட்டி, சட்டை, துண்டு, சட்டிபானை எல்லாம் சுவத்துலதான் தொங்கும். சுவரு பூரா ஆணிதான். நான்கூட கேலி பண்ணுவேன், 'என்னண்ணே, ஆணிக்கடை வச்சுட்டீங்க'ன்னு. சிரிச்சுக்குவாரு."

அவர் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார். அம்மா, "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்று கேட்டார். டம்ளர் நிறையத்தான் இருந்தது.

அவர் போன பிறகு அம்மா ஷெட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். வாசல் பக்கச் சுவரில், பூச்சு ஈரமாக இருந்தபோதே, முறத்துக்கென்று அம்மா ஒரு ஆணியை அழுத்திவைத்திருந்தார். அத்தாவிடம் சொல்லவில்லை. இப்போது அதை இருபுறமும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்தார். அந்த ஓட்டையைப் பெருவிரலால் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு நின்றார்.

"பெயிண்டு வேணாம்" என்றார். "யாரு நெனச்சாலும் அடிக்க முடியாதது எது?"

"டைல்ஸ்தான். அடிச்சா ஆணி வழுக்கும், இல்லாட்டி டைல்ஸ் தெறிச்சுடும். ஓதமும் அதைத் தள்ளாது. காகிதம் மாதிரி பசையில நிக்கிறதில்லையே, சிமெண்டுலல்ல நிக்குது."

"எதுவரைக்கும் ஒட்டணும்?"

"மேல தளம் வரைக்கும்."

மறுநாள் மாமாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இடுப்பு வரைக்கும் போதும். தளம் வரைக்கும் டைல்ஸ் போட்டா பாத்ரூம் மாதிரி இருக்கும். அந்தக் காரு என்ன தெனமும் தலைக்குக் குளிக்கவா போவுது?"

காரணத்தை நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அது அத்தாவின் காரணம். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் உரிமை. "குளிச்சா குளிக்கட்டும் மாமா. இந்த வெள்ளையில பச்சைக் கோடு போட்டது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். மாமாவிடம் டைல்ஸ் இல்லை. மன்னார்குடியில் ஒரு கடையைக் காட்டினார். முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். கடைக்காரரிடம் எனக்காகச் சண்டையும் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தாவிடம் தெரிவித்தேன்.

"டைல்ஸுங்கத்தா. தளம் வரைக்கும்."

"முழுசுமா?"

"முழுசும்."

"ஆணி எறங்காதுல்ல?"

"எறங்காது அத்தா."

"நல்லாத்தான் பாத்துருக்க" என்றார். பிறகு படிப்பைப் பற்றிக் கேட்டார். நான் சமையல்காரரைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேனா நன்றாக எழுதுகிறது என்றேன்.

பொங்கலுக்கு முன்பே அத்தா வந்தார். ஒரத்தநாட்டில் ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைக் காரை வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு இறங்கியதும் சுவரைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புறங்கையால் டைல்ஸை ஒருமுறை தட்டிப் பார்த்தார். குத்தகை நெல் அந்த வருடம் கூடத்தின் மூலையில் அடுக்கப்பட்டது. முறம் சமையலறைக் கதவின் பின்னால் தொங்கியது. கீழ்வரிசை டைல்ஸின் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்.

விடுமுறைக்கென்று எடுத்த டிக்கெட்டில் திரும்பும் தேதி ஒன்று இருந்தது. அந்தத் தேதி எங்கள் மூவருக்கும் மனப்பாடம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று நான் விடுதிக்குப் போகாமல் ஊரிலேயே இருந்துகொண்டேன். அதிகாலையில் கிளம்பிய அத்தா, தெருக்கோடி வீட்டு மகனையும் அவனுடைய பெட்டிகளையும் திருச்சியில் இறக்கிவிட்டு மதியம் திரும்பினார். காரைக் கழுவினார். முழுக்க நனைந்திருந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, பழக்கத்தில் செய்வது போல, சட்டையைப் பின்பக்கச் சுவரை நோக்கி நீட்டினார். கை தானாகவே ஓர் உயரத்தைத் தேடிப் போயிற்று. சட்டை டைல்ஸில் பட்டு வழுக்கித் தரையில் விழுந்தது.

அத்தா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நான் கொல்லைக் கதவருகே நின்றிருப்பது அவருக்குத் தெரியாது. தனியாக, சத்தமாகச் சிரித்தார். தொலைபேசியில் ஒருபோதும் நான் கேட்டிராத சிரிப்பு அது. சட்டையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, "ஏம்மா, இத எங்க காயப்போடுறது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.