பிதாவை அக்கா பார்த்துக்கொண்டாள்

கவரைப்பேட்டை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இப்போது முதலில் கண்ணில் படுவது ஒரு ஃப்ளெக்ஸ். எழுப்புதல் கூட்டமாம். பாஸ்டரின் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. ஆண்டவருக்கு மூலையில் ஒரு சின்னச் சிலுவை. நேற்று அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை எனக்குத் தெரியும். எஸ்தர் அக்காவை அடக்கம் பண்ணியது அவர்தான்.

வெயிலில் அந்த ஃப்ளெக்ஸ் விட்ட பெயின்ட் வாடை, நாங்கள் ஜெபித்த அறையின் வாடை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி ஆட்கள் இங்கே குடியிருந்த வரிசை வீடுகளில் அக்காவுடையது கடைசி. ஒட்டினாற்போல் பெயின்ட் அடிக்கிற பட்டறை. அக்காவுக்குப் பேக்கிங்கில் வேலை. எனக்கும் கூட வேலை பார்த்த தனசேகருக்கும் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் ஆயில் சட்டையோடு போய் நிற்போம், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாயை விரிப்பாள்.

முதல் நாளே தனசேகர் முரண்டு பிடித்தான். "அப்பான்னு கூப்ட வாயி வர்ல அக்கா. பெல்ட்டும் கையுமா எங்க நைனா மூஞ்சிதான் வந்து நிக்குது."

அக்கா அசரவில்லை. "சர்தான், நீ ஆவியானவர்கிட்ட பேசு. இவன் இயேசப்பாகிட்ட பேசட்டும். பிதாவ நான் பாத்துக்கறேன்."

ஏதோ ஆளுக்கொரு மெஷின் பிரித்துக் கொடுக்கிற சூப்பர்வைசர் மாதிரி சொன்னாள். சிரிக்காதீர்கள், அப்படித்தான் எங்கள் வழக்கம் ஆரம்பித்தது. மூன்று பேரும் அவரவர் பங்கைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆமென்.

ஒரு ஞாயிறு தனசேகர் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டான். எனக்கோ பசி. என் பங்கை முடித்து ஆமென் போட்டுவிட்டேன். அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னாடா இது? ரெண்டு பேர உள்ள வுட்டு ஒருத்தர வாசல்லயே நிக்க வெச்சுகினு கதவ சாத்துற? ஊட்டுக்கு விருந்தாளி வந்தா இப்டித்தான் செய்வியா?" ஆவியானவரையும் அழைத்த பிறகுதான் சோறு போட்டாள்.

பல வருஷம் கழித்து நோயில் படுக்கையில் விழுந்த பிறகு எங்கள் இருவரிடமும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஞானஸ்நானம் குடுக்கறப்ப மூணு பேரையும் கூப்ட்டாங்க. பொதைக்கறப்பவும் மூணு பேரையும் கூப்புடணும். பாத்துக்கங்க."

அவள் மகன் சேர்ந்திருந்த சபையின் பாஸ்டர்தான் இந்த ஃப்ளெக்ஸ்காரர். அடக்கத்தன்று குழியருகே நின்று இயேசுவின் நாமத்தை மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார். "ஐயா, பிதாவும் பரிசுத்த ஆவியும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இதுலயே அடங்கிடும் பிரதர். டைம் ஆவுது." மண்வெட்டி வைத்திருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

டைம் ஆகிறதாம்! வாழ்நாளெல்லாம் ஜெபித்த ஒருத்திக்குக் கொடுக்க அவரிடம் ஒரு நிமிஷம் இல்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனையும் அறைந்திருப்பேன்.

தனசேகர்தான் முன்னால் போனான். "அப்பா," என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். "அப்பா, எங்க அக்கா வருது. பாத்துக்கோ." குழியோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். நான் இயேசப்பாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆவியானவரின் பங்கு அப்படியே நின்றுபோனது. அதைச் சொல்ல வேண்டியவன் அக்காவின் பங்கைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டிருந்தான்.

அந்த வரிசை வீடுகளை இடித்து லாரி நிறுத்துகிறார்கள். பட்டறையும் போய்விட்டது. தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் மட்டும் அலறுகிறது. ஒருத்தரை வாசலிலேயே நிற்க வைத்து அவளை மூடிவிட்டு வந்தோம். இன்னாடா இது என்று கேட்க அவள் இல்லை.